மனநலக் கவுன்சிலர் அறிவுரையே சொல்லவில்லை, இது சரிதானா?

உறையூர்க்காரி:
என் தம்பிக்கு 24 வயது. வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு மதியம் இரண்டு மணிக்கு எழுகிறான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு கவுன்சிலரிடம் அழைத்துப் போனேன். மூன்று முறை ஆயிற்று, ஒவ்வொரு முறையும் 800 ரூபாய். "என்ன சொன்னார்?" என்று கேட்டால், "ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்" என்கிறான். கடைசி முறை பாதி நேரம் எங்கள் மொட்டைமாடிப் புறாக்களைப் பற்றிப் பேசினார்களாம்! அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "தம்பியிடம் கேளுங்கள்" என்று சிரித்தார். நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்துவார் என்றுதானே அனுப்பினோம் என்று அப்பா கத்துகிறார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இப்படித்தான் நடக்குமா?

பெட்டிக்கடை:
அறிவுரைதான் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். பணம் கொடுத்தாலும் நிறுத்த மாட்டார்கள்.

வைகைக்கரை:
மதுரையில் பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். உங்கள் தம்பி பார்க்கும் கவுன்சிலரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் அறையில் நடப்பதைச் சொல்கிறேன், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நானும் அறிவுரைதான் சொன்னேன். ஒரு பெண் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) புகுந்த வீட்டில் படும் பாட்டைச் சொல்லி அழுதார். நாற்பதாவது நிமிடத்தில், "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் போய் இருங்கள்" என்றேன். போனார். நாலாம் நாள் அண்ணி, "எப்போது கிளம்புகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். பிறந்த வீட்டிலும் தனக்கு இடமில்லை என்பதுதான் அவருடைய மூத்த துயரம். அதைச் சொல்வதற்குள் நான் அவசரப்பட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் இதைச் சொன்னார். பிறகு வரவேயில்லை.

இப்போது முதல் நாள் தூக்கத்தையும் சாப்பாட்டையும்தான் விசாரிப்பேன். நம் ஊரில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. நெஞ்சை அடைக்கிறது, தலை கனக்கிறது, வயிறு எரிகிறது என்பார்கள். போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் ஒருவர் அப்படித்தான் வயிற்றெரிச்சலோடு வந்தார். எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை. ஐந்து அமர்வுகள் மோட்டாரைப் பற்றியே பேசினார். எந்த ஆழத்தில் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. ஆறாவது அமர்வில், மச்சானின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கதை வந்தது. அந்த மோட்டார் பேச்சை நான் வெட்டியிருந்தால் இது வந்திருக்காது. உங்கள் தம்பியின் புறாக்களும் அப்படியாக இருக்கலாம். வெறும் புறாக்களாகவும் இருக்கலாம்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடுவதில்லை, சற்றுச் சாய்த்துப் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தெரியும். சொல்லக் கூசும் விஷயத்தைச் சொல்லும்போது கண்ணுக்குப் போக்கிடம் வேண்டும்.

எத்தனை மெதுவாகப் போனாலும் முதல் நாளே நேராகக் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. பலருக்கு, கேட்டார்களே என்று மூச்சு வருகிறது. 'ஆம்' என்றால் வீட்டில் யாரிடம் சொல்வது என்று சேர்ந்து முடிவெடுப்போம். மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். மருந்து எழுதும் தகுதி எனக்கில்லை.

இந்த மாதிரி ஆபத்து இல்லாதவரை உள்ளே பேசியது வெளியே போகாது. ரகசியம் காக்கும் கடமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. அறைக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்களுக்கு என்மேல் உள்ள கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆலோசகரின் உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற ஏற்பு, வந்தவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்வது ஆகியவை மாற்றத்துக்கு அவசியமான நிலைகள் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதினார். அவை இருந்தாலே போதும் என்பதும் அவர் வாதம். 'அவசியம்' என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'போதும்' என்பதில் உண்டு. பஸ் பிடித்து வருகிறவருக்குக் கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும். பத்து நிமிடம் வெயிலில் நிற்பது, விட்டுப்போன ஒரு நண்பரைக் கூப்பிடுவது என்று சின்ன வேலையாக இருக்கும். அதையும் அவரே தேர்ந்தெடுப்பார்.

எங்கள் தொழிலுக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்றொரு அழகான பெயர் உண்டு. ஆனால் ஆற்றுப்படை என்ற சங்கப் பாடல் வகையில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், தான் நடந்த வழியை இன்னொரு பாணனுக்குச் சொல்கிறான். நான் உங்கள் தம்பியின் வழியில் ஒருநாளும் நடந்ததில்லை. எப்படி வழி சொல்வேன்?

மேட்டூர்த் தண்ணீர்:
நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். இரண்டு வருடம் முன்பு போனேன். முதல் ஆள் பகவத்கீதை சொன்னார், ஓடி வந்துவிட்டேன். இரண்டாமவர் கேட்டார். வீட்டில் யாரும், "உள்ளே என்ன பேசினாய்?" என்று கேட்காததுதான் எனக்குப் பெரிய உதவி.

உறையூர்க்காரி:
நன்றி அக்கா. மேட்டூர்த் தண்ணீரின் கடைசி வரியைப் படித்ததும் சுருக்கென்றது, நான் பஸ்ஸிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவேன். ஆனால் எத்தனை முறை வரை பொறுப்பது?

வைகைக்கரை:
கண்ணை மூடிக்கொண்டு பொறுக்க வேண்டாம். அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. "எதை நோக்கிப் போகிறோம்?" என்று தம்பியே அவரிடம் கேட்கட்டும். தம்பி சம்மதித்தால் ஒரு அமர்வில் நீங்களும் சேர்ந்து உட்காரலாம். ஆறேழு முறைக்குப் பிறகும் அவனுக்கு அங்கே போகவே பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அதில் தவறில்லை. நள்ளிரவில் பயமாக இருந்தால் 14416. அரசின் டெலி மானஸ் எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நீங்களும் பேசலாம், தம்பி மட்டும்தான் பேச வேண்டும் என்றில்லை.

உறையூர்க்காரி:
எண்ணைக் குறித்துக்கொண்டேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "இந்த அம்மாவும் அதே தொழில்தானே, வேறெப்படிச் சொல்வார்?" என்றார். வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். 800 ரூபாயை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.