வேட்பாளரின் மனைவியை, கணவரை எதுவரை கேள்வி கேட்கலாம்?

கண்ணாடிஜன்னல்:
நேற்று நண்பரோடு பெரிய வாக்குவாதம். தேர்தலில் நிற்பவரை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், அவருடைய மனைவியோ கணவரோ நம்மிடம் ஓட்டுக் கேட்டு வரவில்லையே, அவரை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். "சொத்து முழுக்க அவர் பெயரில்தானே இருக்கிறது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்ட ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணின் பழைய போட்டோ, உடம்பு, பேச்சு என்று எல்லாவற்றையும் தோண்டுவதை மனசு ஏற்கவே மாட்டேன் என்கிறது. நீங்கள் எங்கே கோடு போடுவீர்கள்?

தராசுமுள்:
பணத்தில் போடுவேன். இந்தியச் சட்டமும் அங்கேதான் போட்டிருக்கிறது. வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கணவன் அல்லது மனைவியின் சொத்து, கடன் எல்லாம் காட்ட வேண்டும். அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சேர்த்தது. லஞ்சம் வாங்குகிறவர் தன் பெயரிலா நிலம் வாங்குவார்? பிரான்ஸில் 2017 அதிபர் தேர்தலில் முன்னணியில் இருந்த பிரான்சுவா ஃபியோன், மனைவியைத் தன் நாடாளுமன்ற உதவியாளராகக் காட்டி மக்கள் பணத்திலிருந்து சம்பளம் வாங்கிக் கொடுத்தார், அந்த அம்மா வேலை செய்ததற்கு அடையாளமே இல்லை என்று ஒரு வார இதழ் எழுதியது. முதல் சுற்றிலேயே மூன்றாம் இடம். 2020-இல் இரண்டு பேருக்கும் தண்டனை. மனைவி விஷயம் நமக்கெதற்கு என்று அந்த இதழ் ஒதுங்கியிருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

மழைக்காகிதம்:
பணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணத்தோடு யார் நிறுத்துகிறார்கள்? என் அண்ணன் ஒரு தேர்தலில் நின்றபோது, அண்ணியின் முதல் திருமணம் முறிந்த கதையை எங்கிருந்தோ பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். பாதி பொய், மீதி யாருக்கும் தேவையில்லாதது. அண்ணி ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் தோற்றது எனக்கு மறந்தே போய்விட்டது, அண்ணிக்கு நடந்தது இன்னும் ஆறவில்லை. வாக்காளரின் உரிமை என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கடைசிபெஞ்ச்:
பணத்திலும் ஓர் எல்லை வேண்டும் என்பது என் கருத்து. அருணாசலப் பிரதேசத்தில் ஓர் எம்.எல்.ஏ., மனைவி, மகன் பெயரில் இருந்த மூன்று வண்டிகளைக் காட்டவில்லை என்று உயர் நீதிமன்றம் அவர் வெற்றியையே ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, பதவிக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களில் வேட்பாளருக்கும் அந்தரங்க உரிமை உண்டு, பெரிய மதிப்பில்லாத ஒவ்வொரு பொருளையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அப்புறம், மேடையேறி ஓட்டுக் கேட்கிற மனைவியோ கணவரோ பேசியதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், அதில் சலுகை கிடையாது. ஜெர்மனியின் அரசாங்கத் தலைவராக (சான்சலர்) இருந்த ஏஞ்சலா மெர்க்கலின் கணவர் மாதிரி, 2005-இல் மனைவியின் பதவியேற்புக்குக்கூட நேரில் போகாமல் வேதியியல் பேராசிரியராகவே இருந்துகொண்டவரைத் துரத்திக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை.

தராசுமுள்:
ஒதுங்கியே இருந்தாலும் கணக்கு விடாது. ரிஷி சுனக் பிரிட்டன் நிதியமைச்சராக இருந்தபோது, அவர் மனைவி வெளிநாட்டு வருமானத்துக்கு பிரிட்டனில் வரி கட்டாமலிருக்க வழிவிட்ட வரி அந்தஸ்தில் இருந்தது 2022-இல் தெரியவந்தது. சட்டப்படி தவறே இல்லை. ஆனாலும் ஊருக்கெல்லாம் வரி போடுகிறவர் வீட்டுக் கணக்கு அது. கேள்வி எழுந்த சில நாளில் அந்த மனைவியே இனி இங்கேயே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். கேட்டதால் நடந்தது.

கண்ணாடிஜன்னல்:
சரி, கணக்கைக் கேட்பதில் என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன், நண்பரிடமும் சொல்லிவிடுகிறேன். கல்யாணக் கதையைக் கேட்பதில் மாற்றமில்லை. மழைக்காகிதம், உங்கள் அண்ணி இப்போது எப்படி இருக்கிறார்?

மழைக்காகிதம்:
பரவாயில்லை, வேலைக்குப் போகிறார். ஓட்டுப் போட மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறார்.