மீட்டரில் கை வைத்தவன் போய்விட்டான், பில் அப்பா பெயருக்கு வந்தது

முறுக்குக் கடை மகள், சுங்கை சிப்புட், மலேசியா:

வேலை செய்த ரப்பர் தோட்டம் கைமாறிய பிறகு அப்பா பட்டணத்தில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து முறுக்கு, ஓமப்பொடி போட ஆரம்பித்தார். மாவு மெஷின் ஒன்று, ஃபிரிட்ஜ் இரண்டு. ஆனாலும் கரண்டு பில் குறைவாகவே வந்தது. புது மெஷின், கம்மியாகத்தான் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் காலை கரண்டுக் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். ஒருவர், ஒயரில் ஓடும் கரண்டை வெளியிலிருந்தே அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரில் கவ்வ வைத்துப் பார்த்தார். அதில் தெரிந்த எண் வேறு, சுவர் மீட்டர் காட்டிய எண் வேறு. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு மீட்டர் முத்திரையான சீலைக் காட்டினார். மெல்லிய கம்பியை அறுத்து, மறுபடி பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "துவான், சாயா தா பெகாங்" (ஐயா, நான் கை வைக்கவில்லை) என்று தோட்டத்து மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். கையில் மாவு காயவில்லை.

1990 மின்சார வழங்கல் சட்டத்தை அன்று ராத்திரிதான் உட்கார்ந்து படித்தேன். மீட்டரைக் கெடுப்பதும் கரண்டைத் திருடுவதும் 37ஆம் பிரிவின்படி குற்றம். எங்களைப் பிடித்தது 38ஆம் பிரிவு. 48 மணி நேர நோட்டீஸ் கொடுத்து கரண்டை வெட்டலாம், அது 3 மாதத்தைத் தாண்டக்கூடாது. கம்பெனிக்கு நஷ்டமான பணத்தையும் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கேட்கலாம். குற்றம் செய்தவனைத் தேடுவது தனி வழக்கு, பாக்கி வசூல் தனி. அப்பாவுக்கு இதைப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். 32 வருஷம் பால் வெட்டியவர், யாருக்கும் ஒரு சென் கடன் வைத்ததில்லை.

வாடகை ஒப்பந்தமும் கணக்குப் பெயர் மாற்றிய தாளும்தான் கைகொடுத்தன. நாங்கள் வருவதற்கு முந்தின காலத்தைக் கழித்தார்கள். மிச்சத்தைத் தவணையில் கட்டினோம். முன்பு அங்கே இருந்தவர் எங்கே போனார் என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. வாடகைக்குப் போகிறவர்கள் சாவி வாங்கும் அன்றே மீட்டர், சீல், ரீடிங் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள், தயவுசெய்து.

லிந்தாங் சாலைக்காரர்:

தங்கச்சி, படிக்கவே மனசு கனக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் வருஷம், தோட்டத்து லயத்தில் போன் லைன் கிடைக்காது. ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் வாங்கி ஆன்டெனாவைத் தகரக் கூரையில் கட்டினேன். எங்கள் வீட்டில் லைன் நன்றாகக் கிடைத்தது, ஆனால் பக்கத்து வீடுகளில் பேச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. அந்தப் பெட்டி போடும் இரைச்சலில் மற்ற போன்கள் பேசுவது டவருக்குக் கேட்பதில்லையாம். அதிகாரிகள் கையில் ஆன்டெனாவோடு வரிசையாக நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். தரச்சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் ஒட்டு இல்லாத கருவியை வைத்திருப்பதே 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம் என்றார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு எச்சரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வீட்டுப் பாட்டி ரெண்டு வாரமாக சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு சரியாகப் பேச முடியாமல் தவித்தது எனக்கு அப்போதுதான் தெரியும். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

போன் கடைத் தம்பி:

அண்ணே, திருட்டுச் சேனல் போட்ட ஆண்ட்ராய்டு பெட்டி கேட்டு இன்னமும் கடைக்கு வருகிறார்கள். 2022 மார்ச்சில் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். விற்கிறவனுக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 20 வருஷம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். இருந்த 3 பெட்டியையும் சப்ளையரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். போட்ட பணம் இன்னும் வரவில்லை.