எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை மாற்றும்போது தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலவை சரியாக வருவது எப்படி?

புதுச்சக்கரம்:
பெட்ரோல் கார். இரண்டு வருடமாகக் குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறது. ரிசர்வாயர் டேங்க் முழுக்கத் துரு நிறம். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். ரேடியேட்டர் டிரெயின் பிளக்கைத் திறந்தால் வருவது 3.5 லிட்டர். தண்ணீர் உறையவே உறையாத இடத்தில் ஆன்ட்டிஃப்ரீஸ் (உறைதடுப்பி) என்கிற கூலன்ட் தேவையா? தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் வாங்குவதா, கலக்காத கான்சன்ட்ரேட்டா? பழைய கூலன்ட் பச்சை, இப்போது கிடைப்பது சிவப்பு. ஊற்றலாமா?

வெப்பமானி:
கட்டாயம் தேவை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. வார்ப்பிரும்பு, அலுமினியம், சாலிடர் எல்லாவற்றையும் ஒரே நீர் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் கூலன்ட்டில்தான் இருக்கிறது. வெறும் தண்ணீரில் அது கிடையாது. குழாய்த் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சூட்டில் உப்பாகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்; குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும்.

கொதிநிலையும் உயரும். 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி போட்டிருந்தால் வெறும் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சுமார் 129 டிகிரி வரை தாங்கும். உறைநிலை மைனஸ் 37. அதற்காக முழுக்கக் கான்சன்ட்ரேட்டையே ஊற்றுவது தவறு. தனி கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும், வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீரைவிட மட்டம்.

ஸ்பேனர்செட்:
உங்கள் கணக்கில் முக்கியமானது அந்த 3.5 லிட்டர். மீதி 2.5 லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் நின்றுவிடுகிறது. கழுவிய பின் அது வெறும் தண்ணீர். இப்போது 3.5 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் அதில் கிளைக்கால் 1.75 லிட்டர்தான், 6 லிட்டருக்கு 29 சதவீதம். பாட்டிலில் 50 என்று போட்டிருக்கும், வண்டிக்குள் 29தான் இருக்கும். அதனால் கான்சன்ட்ரேட் வாங்குங்கள். முதலில் 3 லிட்டர் கான்சன்ட்ரேட், பிறகு நிறையும்வரை டிஸ்டில்டு வாட்டர்; அரை லிட்டர் பிடிக்கும். பிளாக்கில் தனி டிரெயின் பிளக் இருந்து அதையும் திறக்க முடிந்தால் ரெடிமிக்ஸே போதும்.

அதற்கு முன் கழுவ வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் தொடுங்கள். சூட்டில் திறந்தால் அழுத்தம் விட்டதும் நீர் கொதித்து முகத்தில் அடிக்கும். வடித்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுடும்வரை ஓடவிடுங்கள். அது சுட்டால், சூடானதும் நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. அணைத்து, ஆறவிட்டு, வடியுங்கள். ஒவ்வொரு தடவையும் 42 சதவீதம் உள்ளேயே தங்கும் என்பதால் ஒருமுறை கழுவினால் போதாது. மூன்றாவது வடிப்புக்குப் பிறகு பழையது 7 சதவீதம்தான் இருக்கும். கடைசிக் கழுவல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும், உள்ளே தங்கப்போவது அதுதானே.

வடித்ததைச் சாக்கடையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். கொஞ்சமே போதும், சிறுநீரகம் போய்விடும். குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது.

வெப்பமானி:
நிறத்தை நம்பாதீர்கள், அதற்குப் பொதுவான விதி இல்லை. கையேடு சொல்லும் தர எண்ணைப் பாட்டிலின் பின்பக்கத்தில் தேடுங்கள். பழைய சிலிக்கேட் வகை சுமார் 2 வருடம், ஆர்கானிக் ஆசிட் வகை சுமார் 5 வருடம் தாங்கும். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழாகத் திரியும். நன்றாகக் கழுவிவிட்டால் கையேடு சொல்லும் வகைக்கே மாறலாம்.

புதுச்சக்கரம்:
அப்படியே செய்தாயிற்று. மறுநாள் காலையில் மட்டம் ஒரு விரல் இறங்கியிருக்கிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது. கசிவா?

ஸ்பேனர்செட்:
இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் காற்று அடைப்பு. வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரைப் போட்டு, ஐடிலில் விடுங்கள். காற்றை வெளியேற்றும் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் குமிழி நின்று நீர் ஒரே தாரையாக வரும்வரை தளர்த்தி வைத்து, பிறகு முறுக்குங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்றதும் மூடியைப் போடலாம். ஆறிய பிறகு மட்டம் பார்த்து அதே கலவையை ஊற்றுங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கினால் முதலில் மூடியின் ரப்பரையும், வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள். அங்கே காய்ந்த கறை இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. காருக்குள் இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் என்றால், ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் குறைந்து, டேங்கில் குமிழி வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கூலன்ட்டில் எஞ்சின் புகை கலந்திருந்தால் நீல திரவம் மஞ்சளாக மாறும் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.