குவாண்டம் புள்ளி: ‘ஒடுக்கம்’ வேண்டாம், ‘சிறைப்பாடு’ சரிவருமா?

வணக்கம்.

குறைகடத்திக் குவாண்டம் புள்ளிகளில் (சில நானோமீட்டர் அளவே உள்ள படிகத் துணுக்குகளில்) ஒளிச்சிதறலைக் கணக்கிடும் பகுதிக்கான தமிழ்ச் சொற்பட்டியலைப் பார்த்தேன். சிதறல், அலைச்சார்பு, பயனுறு நிறை ஆகியவற்றில் எனக்குக் கேள்வியில்லை. எக்ஸைட்டான் (எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பிணைந்த இணை), ஃபோனான் (படிக அதிர்வின் குவாண்டம்) இரண்டும் அப்படியே இருக்கட்டும். இடிப்பது quantum confinement என்பதற்கு வைத்த ‘குவாண்டம் ஒடுக்கம்’ ஒன்றுதான்.

வேதியியல் படித்தவருக்கு ஒடுக்கம் என்றால் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரானது. செலினியத்தை ஒடுக்கிக் காட்மியம் செலினைடு புள்ளிகள் செய்யும் முறையும் இருப்பதால், ஒரே கட்டுரையில் இரண்டு ஒடுக்கமும் மோதும். ‘அடைப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டால் சாக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

நடப்பது என்ன? எலெக்ட்ரானின் அலை புள்ளியின் எல்லைக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் ஆற்றல் தனித்தனி மட்டங்களாகப் பிரிகிறது. எளிய கோள மாதிரியில் ஆரம் பாதியானால், இதனால் கூடும் ஆற்றல் நான்கு மடங்காகும். இதற்குச் ‘சிறைப்பாடு’ என்பது என் பரிந்துரை.

முக்கியக் காரணம், அதிலிருந்து மற்ற சொற்கள் தடையின்றிக் கிளைக்கின்றன. காட்மியம் செலினைடில் எக்ஸைட்டானின் போர் ஆரம் (Bohr radius, அதன் இயல்பான அளவு) சுமார் 5.6 நானோமீட்டர். அதைவிடச் சிறிய, 2 நானோமீட்டர் ஆரமுள்ள புள்ளியில் எலெக்ட்ரானும் துளையும் தனித்தனியே சிறைப்படும். இது வன்சிறைப்பாடு. 1981இல் இயற்பியலர் எகிமோவ் கண்ணாடிக்குள் கண்ட காப்பர் குளோரைடு படிகங்களில் போர் ஆரம் சுமார் 0.7 நானோமீட்டர்தான், படிகங்களோ அதைவிடப் பெரியவை. அங்கே எக்ஸைட்டான் முழுசாக, ஒரே துகள்போலச் சிறைப்படும்: மென்சிறைப்பாடு.

இராமன் சிதறலுக்கு (படிக அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு ஒளி சிதறுவது) வந்தால் ‘சிறைப்பட்ட ஃபோனான்’ கிடைக்கிறது. பெரிய படிகத்தில் ஒளி தொட முடியாத ஃபோனான்களும் சிறு புள்ளியில் சிதறலில் பங்கேற்கும். அதனால் காட்மியம் செலினைடின் நிறமாலையில் 210 செ.மீ⁻¹ அலை எண்ணை ஒட்டிய கோடு கொஞ்சம் கீழிறங்கி, அந்தப் பக்கமே சாய்ந்து அகலும். மாதிரியில் இதைச் சேர்க்காவிட்டால் கோட்டின் வடிவம் பொருந்தாது.

‘சிறை என்றால் முழுக்காவல், ஆனால் அலை சுவரைத் தாண்டிக் கசிகிறதே?’ என்ற மறுப்பு நியாயமானது. உண்மையில், முடிவிலிச் சுவர் என்று கொண்டால் ஆற்றல் மிகையாகத்தான் வருகிறது. ஆனால் அது சுவரின் உயரத்தைப் பற்றிய கேள்வி. ‘முடிவுறு சுவர்ச் சிறைப்பாடு’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், பட்டியலில் ‘ஒத்ததிர்வு இராமன் சிதறல்’ (resonance Raman scattering) இருக்கிறது. இலங்கைப் பாடநூல் வழக்கான ‘பரிவு’ இன்னும் குறுகியது. ‘பரிவு இராமன் சிதறல்’ என்றே வைத்துவிடலாமா? இரண்டையும் பற்றி வேதியியல்காரர்கள் சொல்லுங்கள்.