“ஒரே பேட்டரி செல் போதும், ஸ்பேர் எதுக்கு?” – வேப்புக்கு (இ-சிகரெட்) புதுசா வர்றவங்களுக்கு இதுதான் அறிவுரையா?

சுருள்கம்பி:
வெண்மேகம் நேற்று எழுதியதை அப்படியே போடுகிறேன் (டிஸ்போசபிள் = தீர்ந்ததும் தூக்கிப் போடும் வேப்; மாட் = செல்லை மாற்றி, வாட்டைக் கூட்டிக் குறைக்கிற வேப்; எம்ஏஎச் = செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு): “ஜூன் 2025ல் பிரிட்டனில் டிஸ்போசபிள் வேப் விற்பனைக்குத் தடை வந்ததிலிருந்து பலர் மாட் பக்கம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: சாம்சங் 35ஈ செல் ஒன்று வாங்குங்கள். 3500 எம்ஏஎச். காலையில் போட்டால் ராத்திரி வரை ஓடும். ஸ்பேர் தூக்கிச் சுமக்க வேண்டாம். 2500 வாங்குவது காசைக் கரியாக்குவது.”

இதை நம்பி எத்தனை பேர் கடைக்குக் கிளம்பினார்களோ. 35ஈ தொடர்ந்து தாங்குவது 8 ஆம்ப் மின்னோட்டம். ஒற்றை செல் மாட்டில் 40 வாட் வைத்தால் கணக்கைப் பாருங்கள். செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது 40ஐ 3.2ஆல் வகுத்தால் 12.5. மாட்டின் சர்க்யூட் போர்டில் 10 சதவீதம் வீணாகும், ஆக கிட்டத்தட்ட 14 ஆம்ப். வோல்ட் இறங்க இறங்க மாட் அதிக ஆம்ப் உறிஞ்சும், குறைக்காது. 8 ஆம்ப் செல்லில் 14 ஆம்ப்!

சாம்சங் 25ஆர் (2500, 20 ஆம்ப்) அல்லது எல்ஜி எச்ஜி2 (3000, 20 ஆம்ப்) இரண்டு வாங்குங்கள். ஒன்று மாட்டில், ஒன்று பிளாஸ்டிக் டப்பாவில்.

வெண்மேகம்:
பேர் சொல்லித் திட்டத் தனித் திரியா? நன்றி ஐயா. செல்லின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத்தாள்) பாதியில் மூடிவிட்டீர்கள் போல. 35ஈக்குத் தொடர்ச்சியில்லாத டிஸ்சார்ஜ் 13 ஆம்ப் என்று இருக்கிறது. வேப்பை யாரும் அரை மணி நேரம் விடாமல் இழுப்பதில்லை. 3 விநாடி இழுப்பு, அப்புறம் ஓய்வு. முழு சார்ஜில் 4.2 வோல்ட், உங்கள் கணக்குப்படியே 10.6 ஆம்ப். 13க்குள் இருக்கிறது.

சுருள்கம்பி:
அந்த 13 எத்தனை விநாடிக்கு? எத்தனை விநாடி ஓய்வுக்குப் பிறகு? எந்த வோல்ட் வரை? சொல்லுங்கள், காத்திருக்கிறேன். பல்ஸ் (விட்டுவிட்டு இழுக்கும்) அளவுக்குப் பொது வரையறை கிடையாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தொடர் அளவை மட்டும் பார்க்கிறார்கள். 8.

10.6 என்பது முதல் சில இழுப்புக்கு. லோடு ஏறியதும் வோல்ட் சரியும், அது உங்கள் கணக்கில் இல்லவே இல்லை.

வெண்மேகம்:
13 என்று அச்சில் இருப்பதை இல்லை என்கிறீர்களா?

சுருள்கம்பி:
8 என்று அச்சில் இருப்பதை நீங்கள் ஏன் விழுங்கினீர்கள்?

கச்சான்_அண்ணை:
தம்பிமார், ரெண்டு பேரும் எட்டு, பதின்மூண்டு எண்டு சண்டை பிடிக்கிறியள். புதுசா வாறவைக்கு கழட்டி மாத்திற 18650 செல் (நீங்கள் சொல்லுற 35ஈ, 25ஆர் எல்லாம் இந்த அளவுதான்) எதுக்கு? டிஸ்போசபிள் பிடிச்சவைக்கு பொட் கிட் (ஜூஸ் விடுற சின்னக் கூட்டை மட்டும் மாத்திப் போடுற வேப்) காணும். 2 மில்லி பொட், 20 மில்லிகிராம் நிக்சோல்ட் (நிக்கொட்டின் உப்பு ஜூஸ்), சாதாரணமா 15 வாட் காணும். பற்றரி உள்ளுக்கை இருக்கு, ஸ்பேர் எண்டால் ஒரு சின்ன பவர்பேங்கும் இன்னொரு பொட்டும். புதுப் பொட்டுக்கு ஜூஸ் விட்டு 10 நிமிசம் வைச்சிட்டு இழுங்கோ. உடனை இழுத்தால் பஞ்சு கருகும், பிறகு பற்றரியிலை பிழை எண்டு திரிவியள்.

வெண்மேகம்:
அண்ணன் சொல்வதுதான் நானும் சொன்னேன். 15 வாட்டில் 35ஈ தாராளம். 15ஐ 3.2ஆல் வகுத்தால் 4.7, இழப்போடு 5.2. 8க்கே உள்ளே.

சுருள்கம்பி:
இப்போது 15 வாட் ஆகிவிட்டதா! உங்கள் மூலப் பதிவில் 15 என்ற எண் எங்கே? மாட் என்றுதான் எழுதினீர்கள். கடையில் ஒற்றை செல் மாட்டைக் கையில் கொடுக்கிறவன் 60, 80 வாட் வரை போகும் என்றுதான் விற்பான். புதியவன் முதல் நாளே மேலே ஏற்றிப் பார்ப்பான். போன மாதம் காயில் (ஜூஸைச் சூடாக்கும் கம்பி) விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் வழுக்கினீர்கள்.

வெண்மேகம்:
காயில் கதையை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா? அதுதான் விஷயமா?

ஓம்ஸ்_கணக்கன்:
எம்ஏஎச் பித்துக்கு மட்டும் ஒரு கணக்கு. 3000 எம்ஏஎச் × 3.6 வோல்ட் = 10.8 வாட்-மணி. கட்-ஆஃப்பில் (வோல்ட் இறங்கி மாட் தானே நிற்கும் இடம்) மிஞ்சுவது, போர்டு இழப்பு எல்லாம் போக சுமார் 8 கையில் நிற்கும். 40 வாட்டில் அது 12 நிமிடம், அதாவது 3 விநாடி இழுப்பு 240. 15 வாட்டில் 32 நிமிடம், 640 இழுப்பு. ஆக ஒரு நாள் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது வாட்தான். 35ஈயை 40 வாட்டில் போட்டால் லோடில் வோல்ட் சரிந்து கட்-ஆஃப்பைச் சீக்கிரம் தொடும். உள்ளே சரக்கு மிச்சமிருக்கும், மாட் தராது.

சுருள்கம்பி:
இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். 8 ஆம்ப்.

ஓம்ஸ்_கணக்கன்:
நான் உங்கள் கட்சியும் இல்லை. செல் தயாரிக்கும் சாம்சங், எல்ஜி இருவருமே தனி 18650ஐ வேப்பில் போடாதே என்று எச்சரித்திருக்கிறார்கள். 25ஆருக்கும் அது பொருந்தும். அதை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் விரட்டுகிறீர்கள்.

சுருள்கம்பி:
அப்படியானால் மாட் விற்கும் கடைகளை மூடச் சொல்லுங்கள். எச்சரிக்கையின் காரணம் ஷார்ட் சர்க்யூட். 18650ன் உடம்பு முழுக்க நெகட்டிவ். மேலே பாசிட்டிவ் முனையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், அதற்கு வெளியே மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான் காவல். உறை அங்கே கிழிந்தால் மாட்டின் உலோகமே ஷார்ட் பண்ணிவிடும். புது உறையைச் செருகி ஹேர் டிரையர் காட்டினால் சுருங்கி ஒட்டும். ஐந்து நிமிட வேலை. உறை போடாத செல்லைச் சாவியும் சில்லறையும் இருக்கிற பாக்கெட்டில் போடுகிறவர்களுக்கு 8 என்றால் என்ன, 80 என்றால் என்ன.

வெண்மேகம்:
அதனால்தான் ஸ்பேரே வேண்டாம் என்றேன்! பாக்கெட்டில் செல் இல்லையென்றால் பாக்கெட்டில் தீயும் இல்லை.

சுருள்கம்பி:
டப்பா என்று ஒன்று விற்கிறார்கள். கேள்விப்பட்டதுண்டா?

புதுப்புகை:
அண்ணா, ஆன்லைனில் 9900 எம்ஏஎச் 18650 விலை குறைவா இருக்கு. அது வாங்கலாமா? ரெண்டு செல் மாட்டுக்கு.

சுருள்கம்பி:
வாங்காதே. அந்த அளவில் 9900 எந்தக் கம்பெனியாலும் அடைக்க முடியாது. தராசில் வைத்துப் பார், நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும், போலி பல நேரம் இலேசாக இருக்கும். ரெண்டு செல் மாட் என்றால் ஜோடியாக வாங்கு: ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே நாளில். ‘அ1’, ‘அ2’ என்று மார்க்கரில் எழுது. சேர்த்தே சார்ஜ், சேர்த்தே காலி. ஸ்பேரும் ஜோடிதான், பழையதோடு புதியதைக் கலக்காதே. தனி சார்ஜரில் 1 ஆம்ப்புக்கு மேல் வைக்காதே.

வெண்மேகம்:
பாருங்கள், புதியவனுக்கு நாலு செல், சார்ஜர், டப்பா, மார்க்கர். சிகரெட்டே சுலபம் என்று திரும்பிப் போவான்.

கச்சான்_அண்ணை:
அதுக்குத்தானே பொட் எண்டு சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை.

லூட்டன்_மணி:
டிசம்பர்ல சென்னை போறேன். ஸ்பேர் செல்லை செக்-இன் பெட்டியில் போடலாமா?

ஓம்ஸ்_கணக்கன்:
கூடாது. ஸ்பேரும் வேப்பும் கைப்பையில்தான், ஒவ்வொரு செல்லும் தனித்தனி டப்பாவில். விமானத்தில் சார்ஜ் போடவும் கூடாது. ஆனால் சென்னைக்கு என்றால் வேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி இறக்குமதிக்கும் சேர்த்துத் தடை. முதல் முறைக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லூட்டன்_மணி:
சும்மா ஒண்ணுதானே, யார் பாக்கப் போறா?

வெண்மேகம்:
சுருள்கம்பி வந்து 8 ஆம்ப் என்று சொல்லி மாட்டிவிடுவார்.

சுருள்கம்பி:
சிரியுங்கள். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. அந்த 13 ஆம்ப் எத்தனை விநாடிக்கு? பட்டன் ஒட்டிக்கொண்டால் பல மாட்கள் 10 விநாடி கழித்துத்தான் தானே அணையும். அந்த 10 விநாடியும் உங்கள் ‘தொடர்ச்சியில்லாத’ கணக்கில் சேருமா?

வெண்மேகம்:
13 என்று அச்சில் இருக்கிறது.

சுருள்கம்பி:
8ம் இருக்கிறது.