டெல்லி டூர், அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறவே முடியாது. மெட்ரோ சரிப்படுமா?

அம்பத்தூர் அனு

டெல்லில இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன். டிசம்பர் முதல் வாரம் அப்பா அம்மாவ கூட்டிட்டு வரேன், வர்றது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், திரும்பறது ஃப்ளைட். அம்மாவுக்கு 66 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். சமதரைன்னா மெதுவா நடந்துடுவாங்க, நடுவுல நடுவுல உக்காரணும், ஆனா படின்னா நாலஞ்சுக்கு மேல முடியல, ஏறறதக்கூட பல்லக் கடிச்சிட்டு ஏறிடறாங்க, இறங்கறதுதான் உயிர் போகுது. எஸ்கலேட்டர்னா பயம். வீல்சேர்னு வாயெடுத்தாலே "நான் என்ன நோயாளியா"ன்னு ஒரு சண்டை. அப்பா வேற, மெட்ரோ இருக்கறப்ப டாக்ஸிக்கு எதுக்கு தண்டம் அழறன்னு அவர் பக்கம். ரூம் கரோல் பாக்ல பாத்திருக்கேன். அம்மா கேக்கறது மலை மந்திர் (நம்ம முருகன் கோவில்), குதுப் மினார், செங்கோட்டை, அக்‌ஷர்தாம். எது முடியும், எது முடியாது?

முனிர்கா முத்து

மெட்ரோ தாராளமா சரிப்படும்ங்க, ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு. ஆனா எல்லா கேட்லயும் இருக்காது, அதுதான் விஷயம். ஒரு ஸ்டேஷனுக்கு ஏழெட்டு கேட் இருந்தா ரோட்டுலேருந்து ஏற லிஃப்ட் ஒண்ணு ரெண்டு கேட்லதான் இருக்கும், அது நீங்க நிக்கற ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாவும் இருக்கலாம், டெல்லி ரோட்ட அம்மாவ வச்சிட்டு கிராஸ் பண்றதுக்கு படியே மேல்னு தோணிடும். அதனால ஸ்டேஷன் பேர வச்சு பிளான் போடாதீங்க, கேட் நம்பர வச்சு போடுங்க. டெல்லி மெட்ரோ வெப்சைட்ல ஸ்டேஷன் வாரியா போட்டிருக்கும், ஆட்டோக்காரர்கிட்டயும் அந்த கேட் நம்பர சொல்லியே இறங்குங்க. லிஃப்டும் ஒரேடியா பிளாட்ஃபார்முக்கு போகாது, ரோட்டுலேருந்து செக்கிங் நடக்கற தளத்துக்கு ஒண்ணு, அங்கேருந்து பிளாட்ஃபார்முக்கு இன்னொண்ணு.

கரோல் பாக் ப்ளூ லைன்ல வருது, உங்களுக்கு அது நல்லதாப் போச்சு. அக்‌ஷர்தாமுக்கு வண்டியே மாற வேணாம், ஆனா நொய்டா போற வண்டிதானான்னு பாத்து ஏறுங்க, வைஷாலி வண்டில ஏறினா யமுனா பேங்க்ல இறங்கி மாறணும். செங்கோட்டைக்கு மேப்ல எந்த வழி காட்டினாலும் மண்டி ஹவுஸ்ல வயலட் லைனுக்கு மாறி லால் கிலா ஸ்டேஷன்ல இறங்குங்க. ராஜீவ் சௌக், காஷ்மீரி கேட்னு வண்டி மாறற ஸ்டேஷன் ரெண்டையும் காலைல 9லேருந்து 11 வரைக்கும், சாயந்தரம் 5:30க்கு மேலயும் நினைச்சுகூட பாக்காதீங்க, நல்லா கால் இருக்கறவனையே தூக்கிட்டுப் போயிடும் கூட்டம்.

லிஃப்ட் வாசல்ல காலேஜ் பசங்க நின்னா கூச்சப்படாம "பையா, மாதாஜி கோ ஜானே தோ"ன்னு (தம்பி, அம்மாவ போக விடுப்பா) சொல்லுங்க, முக்கால்வாசி பேர் விட்டுடுவான். குதுப்புக்கு மட்டும் நேரா கேப்ல போயிடுங்க, குதுப் மினார்னே பேர் வச்ச மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினாலும் மினார் கிட்டத்துல இல்ல, எப்படியும் ஆட்டோ புடிக்கணும்.

மயூர் விஹார் மாமி

அனும்மா, குதுப் மினார பத்தி கவலையே படாத. உள்ள 379 படி இருக்கு, ஆனா 1981ல உள்ள கரண்ட் போயி நெரிசல்ல 45 பேர் செத்துப்போனதுலேருந்து யாரையும் ஏற விடறதில்ல. உங்கம்மாவும் சரி, ஓட்டப்பந்தயத்துல ஓடறவனும் சரி, எல்லாரும் கீழேருந்து அண்ணாந்துதான் பாக்கணும்! 2001ல ஸ்டீஃபன் ஹாக்கிங் டெல்லி வந்தப்போ அவர் வீல்சேருக்காக அங்கல்லாம் மரப்பலகைல சரிவு போட்டாங்க, அதுக்கும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஆட்கள் போராட வேண்டி இருந்தது. இப்போ நிலைமை எவ்வளவோ தேவல. கல் பாவின தரை மேடு பள்ளமா இருக்கும், கையப் புடிச்சுக்கோ.

செங்கோட்டை உள்ள பெரும்பாலும் சமதரைதான், ஆனா தூரம்டீ! லாஹோரி கேட் தாண்டி கடைத்தெரு, அப்பறம் திவான்-இ-ஆம்ங்கற தர்பார் மண்டபம், அப்பறம் தோட்டம்னு போயிண்டே இருக்கும். திவான்-இ-ஆம் வரைக்கும் போயிட்டு ஒரு பெஞ்சப் பாத்து உக்காந்துட்டு திரும்பினாலே போதும். செங்கோட்டை, அக்‌ஷர்தாம் ரெண்டும் திங்கக்கிழமை லீவு. ஜும்மா மசூதி பக்கத்துலதானேன்னு உங்கப்பா இழுப்பார், எந்த வாசல்ல போனாலும் 30க்கு மேல படி, வேண்டாம். ஹுமாயூன் சமாதிலயும் மேடைக்கு ஏறற படி ஒவ்வொண்ணும் முழங்கால் உயரம், தோட்டத்துலேருந்து பாத்துட்டு பக்கத்துலயே சுந்தர் நர்சரி போயிடுங்கோ. 90 ஏக்கர், நல்ல பாதை, பழைய கட்டடமும் இருக்கு, பெஞ்சும் இருக்கு, டிசம்பர் வெயிலுக்கு அங்க ஆரஞ்சு உரிச்சுண்டு உக்காந்தா எழுந்து வர மனசே வராது.

வீல்சேருக்கு ஒரு வழி சொல்றேன். அக்‌ஷர்தாம்ல டெபாசிட் கட்டினா வீல்சேர் தருவா, திரும்பக் குடுத்தா பணமும் வந்துடும். அம்மாவ உக்காரச் சொல்லாத, "ஸ்வெட்டர், தண்ணி பாட்டில்லாம் இதுல வச்சுண்டு தள்ளலாம்மா"ன்னு மட்டும் சொல்லு. அரை மணில அவாளே உக்காந்துடுவா, எங்க மாமியார்கிட்ட பலிச்ச வித்தை. ஃபோன் உள்ள விடமாட்டா, அதனால எங்க பாத்துக்கறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்கோ.

ரிட்டயர்டு முட்டி

நானும் முட்டி கேஸ்தான், ஆபரேஷன் வேண்டாம்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கிற ஆளு. மேல எல்லாரும் லிஃப்டப் பத்தியே சொல்லிட்டாங்க, லிஃப்ட் இல்லாத அந்த ஏழெட்டு படிக்கு என்ன பண்றது? எங்க பிசியோ சொல்லிக் குடுத்தது: ஏறும்போது வலி கம்மியா இருக்கிற கால் முதல்ல, இறங்கும்போது வலி ஜாஸ்தி இருக்கிற கால் முதல்ல, தடி எப்பவும் வலிக்கிற காலோட சேர்ந்து போகணும். ஊர்லயே வீட்டுப் படில பழகிட்டு வரச் சொல்லுங்க. தடிக்கு அடியில ரப்பர் தேயாம இருக்கான்னு பாருங்க, இங்க பளபளன்னு கிரானைட் தரை எல்லா எடத்துலயும்.

கேப் புக் பண்றப்ப பெரிய வண்டின்னா சௌகரியம்னு நினைக்காதீங்க, அதுல ஏறறதே ஒரு படி கணக்குதான். சாதா சின்ன கார்ல முன் சீட்ட பின்னால தள்ளி, முதல்ல உக்காந்துட்டு அப்பறம் ரெண்டு காலயும் சேத்து உள்ள எடுக்கணும். டிசம்பர் குளிர்ல காலைல முட்டி மடங்கவே மடங்காது, ஊர் சுத்தறத பத்து பதினொரு மணிக்கு மேல வச்சுக்கோங்க.

ஹோட்டல்காரன் "லிஃப்ட் ஹை ஜீ"ம்பான், நம்பாதீங்க. கரோல் பாக்ல நிறைய எடத்துல வாசல்ல படியேறித்தான் ரிசப்ஷன், லிஃப்டே அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். எனக்கு ஒரு எடத்துல அப்படி ஆகி, ராத்திரி பதினோரு மணிக்கு வேற ரூம் தேட வேண்டியதாப் போச்சு. தெருவுலேருந்து லிஃப்ட் வரைக்கும் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புன்னு கேளுங்க, அனுப்பாதவன் ரூம் வேண்டாம். பாத்ரூம் வாசல்ல மேடு இருக்கான்னும் பாத்துக்கோங்க.

லோதி காலனி பாலா

ரயில், ஃப்ளைட் ரெண்டையும் யாரும் தொடல. ரயில்ல 45 வயசு தாண்டின லேடீஸுக்கு லோயர் பெர்த் கோட்டா உண்டு, புக் பண்றப்ப அதுல போடுங்க. புது டெல்லி ஸ்டேஷன்ல 16 பிளாட்ஃபார்ம். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம், அதாவது 16ம் பிளாட்ஃபார்ம் பக்கம். உங்க வண்டி நடுவுல எங்கயாவது நின்னா மேம்பாலம் ஏறித்தான் ஆகணும், எஸ்கலேட்டர் பயம்னு வேற சொல்றீங்க, அதனால போர்ட்டர்கிட்ட லக்கேஜ குடுத்து "லிஃப்ட்வாலா ரஸ்தா"ன்னு (லிஃப்ட் இருக்கிற வழி) முதல்லயே பேசிக்கோங்க, இல்லாட்டி அவர் படியில பறந்து போயிடுவார்.

ஃப்ளைட்டுக்கு வீல்சேர் கேக்கறப்ப டபிள்யூசிஎச்ஆர்னு போட்டா படி ஏறுவாங்க, தூரம் நடக்க முடியாதுன்னு அர்த்தம். உங்களுக்கு வேண்டியது டபிள்யூசிஎச்எஸ், அதாவது படியே ஏற முடியாது. பஸ்ல கொண்டுபோய் பிளேன் அடியில இறக்கி விட்டா இதுதான் காப்பாத்தும், ஏணியில ஏற வேண்டியதில்ல, சரிவுப்பாதையோ, வீல்சேரோட மேல தூக்கிவிடற ஆம்புலிஃப்ட் வண்டியோ வச்சு ஏத்துவாங்க.

அம்பத்தூர் அனு

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ்! மாமி, ஸ்வெட்டர் வித்தைய கண்டிப்பா செஞ்சு பாக்கறேன். மலை மந்திர் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலயே? அம்மா டெல்லி வர்றதே அதுக்காகத்தான்.

மயூர் விஹார் மாமி

சொல்லாம விட்டது வேணும்னுதான்டீ, பேரே மலையாச்சே. சுவாமிநாதர் குன்று மேல, படியேறித்தான் போகணும். மீனாட்சி, சுந்தரேஸ்வரர், பிள்ளையார் சன்னதியெல்லாம் அதுக்குக் கீழ தனியா இருக்கு. முதல்ல அங்க உக்காந்து ஆசுவாசப்படுத்திக்கட்டும், மேல போறத அப்பறம் அவாளே முடிவு பண்ணட்டும். கோவில் ஆபீஸ்ல முன்கூட்டியே ஃபோன் பண்ணி முடியாதவா வர்றோம்னு சொல்லிடு. செவ்வாய், சஷ்டி, கிருத்திகை வேண்டாம், டிசம்பர் முதல் வாரம்னா சில வருஷம் கார்த்திகை தீபமும் அப்பத்தான் வரும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி காலண்டரப் பாரு.

அம்பத்தூர் அனு

ஐயோ, அப்பா டிக்கெட் போட்டுட்டார். பாத்துட்டு வரேன்.