கப்பலில் இணைப்புக் கதவுள்ள கேபின்: பக்கத்து அறைச் சத்தம் எவ்வளவு கேட்கும்?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் என் பெற்றோர், நான், என் கணவர், எங்கள் மகன் ஆகிய ஐவரும் பெங்களூரிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல் ஒன்றில் பயணம் செய்யவிருக்கிறோம். இரண்டு கேபின்களுக்குப் பணம் கட்டியாயிற்று. முகவர் அனுப்பிய கேபின் எண்களைக் கப்பலின் தள வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், பெற்றோருக்குத் தந்திருப்பது பக்கத்து கேபினுடன் உள்கதவால் இணைக்கப்பட்ட அறை என்பதும், அந்தப் பக்கத்து கேபின் எங்களுடையது அல்ல, முன்பின் அறியாத வேறு யாருக்கோ உரியது என்பதும் தெரியவந்தது. எங்கள் கேபின் நடைவழியின் எதிர்ப்புறத்தில் சற்றுத் தள்ளி இருக்கிறது.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஒருமுறை விழித்துவிட்டால் பிறகு தூங்கமாட்டார். அப்பாவோ காலை நான்கரை மணிக்கே எழுந்து வாய்விட்டுப் பதிகம் ஓதுபவர். ஆகவே அந்தப் பக்கத்துச் சத்தம் இங்கே வருவது மட்டுமல்ல, இந்தப் பக்கத்துச் சத்தம் அங்கே போவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. சாதாரணமாகப் பேசுவது மறுபக்கம் புரியும்படி கேட்குமா, அந்தக் கதவை அவர்கள் தவறுதலாகவாவது திறந்துவிட முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொப்பூர் வளைவு, தருமபுரி

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சென்ற கப்பலில் இப்படிப்பட்ட அறையில் நாங்கள் தங்கியிருக்கிறோம்; மறுபுறம் இருந்தவர்கள் எங்களுக்கு அறிமுகமில்லாதவர்கள். பூட்டைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. இரு கேபின்களிலும் உள்ளவர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் அறைப் பணியாளர் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறார். ஆனாலும் அறைக்குள் நுழைந்தவுடன் கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். முந்தைய பயணத்தில் ஒரு குடும்பத்துக்காகத் திறந்ததைப் பூட்ட மறந்திருக்க வாய்ப்புண்டு. பூட்டு சரியில்லை என்றால் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும்.

பேச்சு கேட்டது, ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. உண்மையில் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது பேச்சன்று. அலமாரி இழுப்பறையை அறைந்து மூடுவதும், துணி மாட்டும் கம்பிகள் ஒன்றோடொன்று மோதுவதும், விடியற்காலையில் அடிக்கும் கைப்பேசி அலாரமும்தான். அந்தரங்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: உள்கதவைவிடப் பால்கனிதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். இரண்டு பால்கனிகளுக்கு நடுவே இருப்பது ஒரு தடுப்புப் பலகை மட்டுமே. அதன் கீழும் ஓரத்திலும் இடைவெளி இருந்தது. எங்கள் பக்கத்து அறைக்காரர் ஒரு நிலத் தகராறைப் பற்றித் தொலைபேசியில் பேசிய அனைத்தையும் நாங்கள் வேண்டாமலே அறிந்துகொண்டோம்.

இயந்திரச் செவி, ஓசூர்

வாகனத் தொழிற்சாலையில் இரைச்சல், அதிர்வு தொடர்பான பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கப்பல் கேபினின் சுவர் செங்கல்லோ கான்கிரீட்டோ அல்ல. இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளுக்கு நடுவே கனிமக் கம்பளி வைத்த பலகை. எடை குறைவாக இருக்க வேண்டும், தீ எளிதில் பரவக்கூடாது என்ற இரண்டு தேவைகளுக்கும் அது பொருந்துகிறது. ஒலியையும் ஓரளவு நன்றாகவே தடுக்கிறது. கதவு வைத்தால் நிலைமை மாறுகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2012-இல் ஏற்று, 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கப்பல் இரைச்சல் விதித்தொகுப்பு, கேபினுக்கும் கேபினுக்கும் இடையே ஒலித்தடுப்பு குறைந்தது 35 டெசிபல் இருக்க வேண்டும் என்று கூறிவிட்டு, இடையில் இணைப்புக் கதவு இருந்தால் 30 டெசிபல் போதும் என்று தளர்த்துகிறது. அந்த விதி கப்பல் ஊழியர்களின் அறைகளுக்கானதே தவிரப் பயணிகளின் கேபின்களுக்கானது அல்ல. என்றாலும், கதவு வைத்தால் தடுப்பு குறையும் என்பதை விதி எழுதியவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஐந்து டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம்; அது மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான ஒலி ஆற்றல். இதற்குக் காரணம் பெரும்பாலும் கதவுப் பலகை அல்ல, அதன் அடியிலும் ஓரங்களிலும் உள்ள இடைவெளிதான். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு கனமான பொருளால் ஆனதாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு ஏறத்தாழ 20 டெசிபலைத் தாண்டாது. ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்தினாலும் மதகு திறந்திருந்தால் தண்ணீர் நிற்காதல்லவா, அதுபோலத்தான். ஆகவே பெரிய துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டிக் கதவின் அடியில் செருகுவது வேடிக்கையான யோசனையாகத் தோன்றினாலும் பயனுள்ள வேலை. சில கப்பல்களில் அந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் இருக்கும். அப்படியானால் உங்கள் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது.

இனிப் பேச்சு புரியுமா என்ற கேள்வி. ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். கதவும் சுவருமாகச் சேர்ந்து 30 டெசிபலைத் தடுத்தால் மறுபுறம் போய்ச் சேருவது 30 அளவில் இருக்கும். குளிர்சாதனக் காற்றின் இரைச்சலே வழக்கமாக அதைவிட அதிகமாக இருப்பதால் சொற்கள் அதில் அமிழ்ந்துவிடும். குரலை உயர்த்திப் பேசினாலோ, குழந்தை அழுதாலோ, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தாலோ அது காற்றின் இரைச்சலுக்கு மேலே எழுந்து நிற்கும். தங்கள் தந்தையார் எந்த அளவுக்குக் குரலெடுத்து ஓதுவார் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நின்று, ஓடும் இரைச்சல் அடங்கிய நேரத்தில்தான் பக்கத்து அறை அதிகமாகக் கேட்கும் என்பதையும், இரவில் குளிர்சாதனக் காற்றை முழுவதும் அடக்கிவிடக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயண முகவர், தருமபுரி

அம்மா, துண்டைச் சுருட்டுவதற்கு முன்னால் கேபினை மாற்றக் கேளுங்கள். தள வரைபடத்தில் இணைப்பு கேபின்களுக்குத் தனிக் குறி இருக்கும். அது இல்லாத அறை அதே கட்டண வகையில் காலியாக இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கேபின் எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் பதிவு செய்திருந்தால் மட்டும் கேட்கும் உரிமை இல்லை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஐந்து பேர், இரண்டு கேபின்கள், அவர்களில் ஒரு குழந்தையும் இரண்டு பெரியவர்களும் என்றால் இணைப்பு கேபின் உங்களைப் போன்றவர்களுக்காகவே கட்டப்பட்டது. கதவின் இரு பக்கமும் உங்கள் குடும்பமே இருந்துவிட்டால் சத்தமும் அந்தரங்கமும் வீட்டு விவகாரமாகிவிடும்; இரவில் அம்மாவுக்கு ஏதாவது என்றால் நடைவழிக்கு வராமலே போய்ப் பார்க்கலாம். முகவர் ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

மூவருக்கும் நன்றி. எங்கள் முகவரிடம் கேட்டேன். பெற்றோரின் அறைக்குப் பக்கத்து கேபின் ஏற்கெனவே போய்விட்டதாம். இப்போது இரண்டு வழிகள் சொல்கிறார். ஒன்று, இணைப்புக் கதவு இல்லாத அறை. ஆனால் அது நீச்சல் குளம் உள்ள தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மற்றொன்று, இரண்டு கேபின்களையும் விட்டுவிட்டு, இரண்டு தளம் கீழே கப்பலின் பின்பகுதியில் உள்ள ஓர் இணைப்பு ஜோடியை எடுத்துக்கொள்வது. பின்பகுதியில் அதிர்வு இருக்கும் என்று என் கணவர் தயங்குகிறார்.

இயந்திரச் செவி, ஓசூர்

நான் ஜோடியையே எடுப்பேன். நீச்சல் குளத் தளத்தில், விடிவதற்கு முன்பே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள். அந்த உரசல் எஃகின் வழியாக நேராக இறங்கும், அதற்குத் துண்டு உதவாது. பின்பகுதியில் சுழலியின் அதிர்வு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது சீராக ஓடும் தாழ்ந்த ஒலி. திடீரென்று எழும் குரலைப் போலத் தூக்கத்தை உடைக்காது. துறைமுகத்தில் கப்பலைத் திருப்பி நிறுத்தும்போது சிறிது நேரம் பலமாக அதிரக்கூடும். அது பெரும்பாலும் விடியற்காலையில்தான் நடக்கும் என்பதால், தங்கள் தந்தையாருக்கு அதனால் இடையூறு இல்லை. ஜோடிக்கு நேர் மேலேயும் கீழேயும் கேபின்களே உள்ளனவா, உணவகமோ அரங்கமோ இருக்கிறதா என்று மட்டும் வரைபடத்தில் பாருங்கள்.

பயண முகவர், தருமபுரி

அதையே உறுதி செய்யுங்கள். பதிவில் இலவச உயர்வகுப்பு மாற்றம் வேண்டாம் என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புறப்படுவதற்கு முன்பு ஒரு கேபினை மட்டும் மேல்வகுப்புக்கு மாற்றிவிட்டு, மற்றதை மறுபடியும் யாரோ ஒருவரின் பக்கத்து அறையாக்கிவிடுவார்கள். இரண்டு எண்களும் இணைந்தவை என்பதை முகவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.